தாவீது வீட்டுச் சாவுகள்

சிட்டிபாபு மொத்தம் பன்னிரண்டு பேரைச் சாகடித்தான். ஒன்பது மாதத்தில் பன்னிரண்டு. அத்தனை பேரும் தாவீதின் சொந்தக்காரர்கள். ஒருவர் மேலும் சிறு கீறல் விழவில்லை. ஒருவருக்கும் விஷயம் தெரியாது. எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். கங்கை பேக்கரியின் கம்ப்யூட்டரில் மட்டும் அவர்கள் இறந்துபோயிருந்தார்கள்.

கங்கை பேக்கரிக்குத் தலைமைக் கடை தாம்பரத்தில். சிட்லபாக்கம், ஊரப்பாக்கம், கீழ்க்கட்டளை, சேலையூர், பல்லாவரம் என்று ஐந்து கிளைகள். முதலாளி சுப்பராயலு கீழ்க்கட்டளையில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு பன் சுட வந்தவர். அறுபது பேர் வேலை செய்தார்கள். நாளைக்கு யார் எந்தக் கடை, காலையா மாலையா என்று தினமும் சாயங்காலம் டூட்டி சார்ட் போடுவது சிட்டிபாபுவின் வேலை. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவான். தப்பு வந்தால் சட்டைக் கையால் துடைப்பான். உலகம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

தொண்ணூற்று மூன்றில் பம்மலில் ஒரு ஜோசியர் கம்ப்யூட்டரில் ஜாதகம் எடுப்பதை முதலாளி பார்த்துவிட்டார். ஒன்பது கிரகத்தைக் கட்டத்துக்குள் உட்கார வைக்கிற மிஷின் அறுபது பேக்கரி ஆட்களை உட்கார வைக்காதா என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த மாதமே மிஷின் வந்து இறங்கியது. அதற்கு ஏசி அறை, உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும், மேலே வெல்வெட் போர்வை. பிரிண்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. முதலாளி நியாயஸ்தர், அந்த வீட்டுக்கு வாரம் ஒரு டஜன் முட்டை தன் கடையிலிருந்தே கொடுத்தனுப்பினார். கோழி கடைசிவரை பழைய நிலைக்கு வரவில்லை.

"ஓட்டத் தெரியுமாடா?" என்று முதலாளி கேட்டபோது, "ஆறு மாசம் கோர்ஸ் படிச்சிருக்கேன் முதலாளி" என்றான் சிட்டிபாபு. கோர்ஸ் நடந்த கட்டடத்தின் கீழே ஆறு மாதம் டீ குடித்தது உண்மை.

சார்ட் போடும் புரோகிராமை எழுதியவர் துளசிங்கம் என்ற கம்ப்யூட்டர் வாத்தியார். அவர் முதலாளியிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "சார், ஒரு கிளை எந்தெந்தக் காரணத்துக்கு மூடும்?"

"என் கடையா? எலெக்‌ஷன், பொங்கலு, சாவு. வேற எதுக்கும் மூடாது" என்றார் முதலாளி, மார்பில் கை வைத்து.

துளசிங்கம் அப்படியே எழுதிவிட்டார். தேர்தலும் பொங்கலும் போட்டால் எல்லாக் கிளையும் ஒன்றாக மூடும். ஒரு கிளையை மட்டும் மூட வேண்டுமென்றால் சாவு ஒன்றுதான் வழி. கங்கை பேக்கரியில் அது ஒரு வழக்கமாகவே இருந்தது: வேலை செய்கிறவர் வீட்டில் துக்கம் என்றால் அவர் கிளைக்கு அன்று பூட்டு, கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மாலையோடு போவார்கள், சம்பளம் பிடிக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் எந்தக் கடையிலும் இல்லாத மரியாதை அது. அதை அடுப்படி மாஸ்டர் ஜெயவேலு கெடுத்தான். ஒரே மாமியாரை மூன்று தடவை சாகடித்து மூன்று தடவையும் லீவு வாங்கினான். மூன்றாம் தடவை அந்த அம்மாளே அவனுக்குச் சோற்றுக் கூடையோடு தலைமைக் கடைக்கு வந்துவிட்டாள். ஆகவே மிஷின் வந்ததும் முதலாளி எல்லாரிடமும் நெருங்கிய சொந்தங்களின் பட்டியலை எழுதி வாங்கி உள்ளே ஏற்றச் சொன்னார். சாவு என்று போட்டால் மிஷின் கேட்கும்: யார் வீட்டில்? பட்டியலில் எத்தனையாவது ஆள்? ஒரு ஆள் ஒரு தடவைதான். மறுபடி அதே எண்ணைப் போட்டால் ஏற்றுக்கொள்ளாது.

எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுத் துளசிங்கம் சிங்கப்பூர் போய்விட்டார்.

அந்த நவம்பரில் நாலு நாள் விடாமல் மழை. சிட்லபாக்கம் ஏரி வழிந்து கடைக்குள் முழங்கால் தண்ணீர். பன் தட்டுகள் தெப்பம் மாதிரி மிதந்தன. கிளையை மூடாவிட்டால் மிஷின் அங்கிருக்கும் எட்டுப் பேருக்கும் ஆப்சென்ட் போட்டுச் சம்பளத்தைப் பிடித்துவிடும். முதலாளி திருப்பதியில் இருந்தார். மிஷினில் வெள்ளம் என்ற காரணம் இல்லை. இல்லை என்று அவர் வந்ததும் சொன்னால், "ஆறு மாசம் இன்னாடா படிச்ச?" என்று கேட்பார். அதற்குப் பிறகு ஏசி அறை கிடையாது, பன் கவுண்டர்தான்.

சிட்டிபாபு சாவைப் போட்டான். யார் வீட்டில்? நியாயமாகத் தன் பெயரைத்தான் முதலில் போட்டான். பச்சை எழுத்தில் அவன் வீட்டுப் பட்டியல் வந்து நின்றது. ஒன்று: தாயார், பொன்னியம்மாள். அந்நேரம் அவள் வீட்டில் அவனுக்கு வடாம் பொரித்துக்கொண்டிருப்பாள். விரல் எழுந்தது, இறங்கவில்லை. இரண்டு, மூன்று, நாலு எதற்கும் இறங்கவில்லை. கொழுந்தியாளுக்குக்கூட இறங்கவில்லை.

பிறகு தாவீதின் பெயரைப் போட்டான். தாவீது சிட்லபாக்கம் கிளைப் பொறுப்பாளர், ஐம்பதை நெருங்கியவர், பட்டியல் கேட்டபோது பதினாலு பேரை வயதோடு முத்து முத்தாக எழுதிக் கொடுத்தவர். முதலில் நின்றது பெரியப்பா ஞானையா, எண்பது வயது. கிறிஸ்தவர்களுக்குச் சகுனம் கிடையாது, அதனால் ஒன்றும் ஆகாது என்று சிட்டிபாபு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விரல் சுலபமாக இறங்கியது.

அப்புறம் அது பழகிவிட்டது. ஊரப்பாக்கம் கடை வாசலில் டெலிபோனுக்குப் பள்ளம் தோண்டி மூட மறந்தார்கள். கடைக்குள் போனவர்கள் வெளியே வர முடியவில்லை. தாவீதைக் காகிதத்தில் ஒருநாள் ஊரப்பாக்கத்துக்கு மாற்றிச் சித்தி ஒருத்தியைச் சாகடித்தான். பல்லாவரத்தில் தேன்கூடு கலைந்து தேனீயெல்லாம் சர்க்கரைப் பாகில் வந்து உட்கார்ந்த நாளில் அக்காள் புருஷன் ஏசுபாதம் போனார். சேலையூரில் பெயர்ப்பலகை கழன்று விழுந்தபோது சித்தப்பா சவுரிமுத்து. சுவரில் ஒட்டும் சார்ட்டில் 'கிளை விடுமுறை' என்று மட்டும்தான் வரும். செத்தவர் பெயர் மாதக் கடைசியில் முதலாளிக்குப் போகும் காகிதத்தில் இருக்கும்.

முதலாளிக்குச் சாவைப் பற்றிப் பேசவே பிடிக்காது. சிட்லபாக்கம் போகும்போதெல்லாம் தாவீதின் தோளில் கையை வைத்து ஒரு நிமிஷம் நிற்பார், ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுவார். தனக்கு மேனேஜர் வேலை வரப்போகிறது என்று தாவீது நினைத்துக்கொண்டார்.

"தாவீது வூட்ல இன்னாடா அப்படி ஒரு வியாதி?" என்று முதலாளி ஒருநாள் சிட்டிபாபுவிடம் கேட்டார்.

"தெரியல முதலாளி. பெரிய குடும்பம்" என்றான் அவன்.

ஜூலை மாதம் கீழ்க்கட்டளைக் கடைக்குள் ஒரு எருமை நுழைந்தது. பதினோரு தேங்காய் பன் தின்றது. பிறகு கண்ணாடி அலமாரிக்கும் கல்லாவுக்கும் நடுவே படுத்துவிட்டது. வாலைத் திருகினார்கள், வாழைத்தாரைக் காட்டினார்கள், கோயிலிலிருந்து மேளம் கூட்டி வந்து காதருகே அடித்தார்கள். மறுநாளும் அது எழுந்திருக்கவில்லை. பட்டியலில் மூன்று பேர் மிச்சம்: தாவீதின் மனைவி காந்திமதி, பத்து வயது மகள், தாயார் பேபி அம்மாள். மனைவியையும் மகளையும் கொல்கிற அளவுக்குச் சிட்டிபாபு கெட்டவன் இல்லை.

பேபி அம்மாளுக்கு எழுபத்துநாலு வயது. பிறந்தபோது வைத்த பெயர், மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சிட்டிபாபுவுக்குத் தனியாக ஒரு தூக்கில் பிரியாணி எடுத்து வைப்பாள். அவளைச் சாகடித்த மூன்றாம் வாரம் அவள் ரஸ்க் வாங்கத் தலைமைக் கடைக்கு வந்தாள். ஏசி அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, "இன்னா சிட்டி, எளைச்சிக் கீற?" என்று கேட்டாள். அவன் செருப்பு போட மறந்து வெளியே ஓடி, முதலாளி கண்ணில் படாமல் அவளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய் பஸ் ஏற்றினான். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று அவள் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போனாளாம். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பரில் பேபி அம்மாள் நிஜமாகவே செத்துப்போனாள். தூக்கத்திலேயே போய்விட்டாள்.

காலை ஒன்பது மணிக்குச் சொல்ல வந்தவர் தாவீதின் மச்சான். முதலாளி ஏசி அறைக்குள் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார், எதிரே சிட்டிபாபு.

"மொதலாளி, சிட்லபாக்கம் தாவீதோட அம்மா தவறிட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறோம். பொணம் நம்ம கடை வழியாத்தான் போவுது. மச்சான் சொல்லிட்டு வரச் சொன்னாரு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அந்தம்மா ஜூலைலயே தவறிட்டாங்களே?"

"இல்லீங்களே. காத்தாலதான்."

"நீ யாரு?"

"ஏசுபாதம். தாவீதோட அக்காவக் கட்டிக்கினவன்."

முதலாளி பழைய காகிதங்களை எடுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார். பிறகு ஏசுபாதத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீ ஏப்ரல்ல செத்துட்ட" என்றார்.

"ஏப்ரல்ல எனக்கு ஜொரம்தான் மொதலாளி வந்துது" என்றார் ஏசுபாதம் பணிவாக.

முதலாளியின் முகம் கறுத்தது. ஜெயவேலு ஒரு மாமியாரை வைத்து மூன்று தடவை ஏமாற்றினான். இந்தத் தாவீது ஒரு வம்சத்தையே வைத்து ஏமாற்றியிருக்கிறான். இவன் தோளிலா கையை வைத்தோம்? "போய்யா. போய் உங்க மச்சானாண்ட சொல்லு. பொய்ச் சாவு சொல்லிச் சொல்லி ஊரை ஏச்சவன் வூட்டுக்கு நிஜச் சாவு வந்தாலும் எவனும் வரமாட்டான். கடைய மூட மாட்டேன். நானே வந்து கல்லாவுல குந்திக்கினு வியாபாரம் பண்ணுவேன். பொணம் போவட்டும், பாத்துக்கினே பன் விப்பேன்."

ஏசுபாதம் சிட்டிபாபுவின் முகத்தைப் பார்த்தார். தெரிந்த பையன், ஏதாவது சொல்வான் என்று. சிட்டிபாபு பிரிண்டரின் காகிதத்தைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது. ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டு போனார். வீட்டில் போய் அவர் இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சாவு வீட்டில் எதற்கு என்று விழுங்கிவிட்டார்.

"லெட்டர் அடி. இன்னியோட நின்னுக்கச் சொல்லு. நீயே போய்க் கையில குடு" என்றார் முதலாளி.

அடித்தான். தாவீதின் பெயரில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அடித்தான். வாயைத் திறக்க வேண்டிய இடம் அந்த ஒரு நிமிஷம்தான் என்று அவனுக்குத் தெரியும். அந்த நிமிஷம் நின்று பார்த்தது, பிறகு போய்விட்டது.

மூன்று மணிக்குச் சிட்லபாக்கம் தெருவில் பந்தல் போட்டிருந்தது. மடக்கு நாற்காலிகளில் சனம். சட்டைப் பையில் கடிதத்தோடு சிட்டிபாபு உள்ளே காலை வைத்ததும் ஒரு கிழவர் எழுந்து, "ஒக்காருப்பா, பேக்கரிப் புள்ளயா?" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். "நான் ஞானையா. தாவீதுக்குப் பெரியப்பன்."

நவம்பரில் செத்தவர். பக்கத்தில் ஒரு அம்மாள், ஊரப்பாக்கம் பள்ளத்துக்காகப் போன சித்தி, காபி டம்ளரை அவன் கையில் வைத்தாள். பெயர்ப்பலகைச் சவுரிமுத்து விசிறியை அவன் பக்கமும் கொஞ்சம் வீசினார். சிட்டிபாபு பந்தலைச் சுற்றிப் பார்த்தான். எல்லாரும் இருந்தார்கள். அவன் கொன்றவர்கள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். யார் என்ன வயது, யார் என்ன முறை என்று அவர்கள் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது. கடைசியாக நடுவில், பெட்டிக்குள் வெள்ளைத் துணி போர்த்திப் பேபி அம்மாள் படுத்திருந்தாள். காபியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

தாவீது அவனைப் பார்த்துவிட்டார். அழுது வீங்கிய முகம். "வந்தியா சிட்டி. மொதலாளி எங்க?"

"கடையில இருக்காரு."

"நம்ம கடையிலயா? அவரே வந்துட்டாரா?"

"ஆமாண்ணா."

தாவீது திரும்பிப் பெட்டியருகே குனிந்தார். "பாத்தியாம்மா. கடைய மூட மொதலாளியே வந்துக்கீறாரு. அவரு கையால ஷட்டர எறக்கப் போறாரு. எத்தினி தபா சொன்ன, என் சாவுக்குக் கடைய மூடுவாங்களாடான்னு. மூடறாங்கம்மா" என்று சொன்னார், உயிரோடு இருப்பவளிடம் சொல்வது மாதிரி.

சிட்டிபாபு டம்ளரை ஞானையா கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். வந்தவன் ஓடினான். அந்தத் தெருவில் வேட்டி கட்டிய ஆள் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. நாய்கள்கூடத் துரத்தாமல் ஒதுங்கி வழிவிட்டன.

கடையில் முதலாளி சொன்னபடியே கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. தாவீது வீட்டுத் துக்கம் தெருவுக்கே தெரிந்திருந்தது.

"லெட்டர் குட்த்தியா?"

"இல்ல முதலாளி." மூச்சு வாங்கியது. "அந்தச் சாவெல்லாம் தாவீது அண்ணன் சொன்னது இல்ல. நான் போட்டது."

"எதெல்லாம்?"

"பன்னெண்டும்."

முதலாளி சத்தம் போடவில்லை. "இன்னாத்துக்குடா?"

ஏரி, பள்ளம், தேனீ, பலகை என்று அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். "மிஷின்ல வேற காரணமே இல்ல முதலாளி. நீங்க மூணுதான் சொன்னீங்க." சொல்லும்போதே இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. கோர்ஸ் படிக்காததையும் சொன்னான். அது பரவாயில்லை என்பதுபோல முதலாளி கையை அசைத்தார்.

"அந்தம்மா எதுக்குச் செத்துது?"

"எருமைக்கு."

"கீழ்க்கட்டளை எருமைக்கா?"

"ஆமாங்க."

முதலாளி ரஸ்க் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினார். "உங்க வூட்டு லிஸ்ட்டும் மிஷின்ல கீதுல்ல?"

"கீது முதலாளி."

"அதுல எத்தினி பேரச் சாவடிச்ச?"

"ஒருத்தரையும் இல்ல."

"ஏன்?"

சிட்டிபாபு தரையைப் பார்த்தான். தரையில் ஒன்றும் இல்லை. "மனசு வரல" என்றான்.

முதலாளி வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வெளியே வந்து, சிட்டிபாபு உதவிக்குக் கை நீட்டியதைத் தள்ளிவிட்டு, தானே கொக்கியைப் பிடித்து ஷட்டரை இறக்கினார். பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது.

"காத்தால அந்த மனுசன் மூஞ்சில இன்னா பேச்சு பேசினேன். எனக்கே வெக்கமா கீது" என்றார். "தாவீதாண்ட நீயே சொல்லு. இன்னிக்கே சொல்லு. நாளைக்கின்னா நீ சொல்லமாட்ட."

பெட்டி வந்தது. முதலாளி கைகூப்பித் தலைகுனிந்து நின்றார். மூடிய கடையைத் தாவீது பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், தோளில் சுமையோடு தலையை ஒரு விரற்கடை தாழ்த்தினார். கூட்டத்தில் ஏசுபாதம் வரும்போது முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார், விடாமல் கல்லறைவரை கூடவே நடந்தார். சிட்டிபாபு எல்லாருக்கும் பின்னால் நடந்தான்.

கல்லறைத் தோட்டத்தின் கேட்டருகே, குழி சரிபார்க்கிற நேரத்தில், தாவீது தனியாக நின்றார். சிட்டிபாபு போய்ச் சொன்னான். முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். கிறிஸ்தவர்களுக்குச் சகுனம் கிடையாது என்று நினைத்ததையும் விடாமல் சொன்னான். காது கூர்மையான சொந்தக்காரர்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள்.

"அப்ப நான் எப்ப செத்தேன்?" என்று கேட்டார் ஞானையா.

"நவம்பர் மாசம். ஏரி வழிஞ்சப்ப."

"நல்ல மழைல போயிருக்கேன்" என்றார் கிழவர். "நான்?" என்றார் சவுரிமுத்து. "பலகை உளுந்தப்ப" என்றதும் அவருக்குத் தோள் குலுங்கியது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துக்கத்துக்கு வந்த இடத்தில் சிரிப்பு வந்தால் அடக்குவது கஷ்டம். செத்தவர்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்கச் சிட்டிபாபு சின்னதாகிக்கொண்டே போனான்.

தாவீது சிரிக்கவில்லை.

"எங்கம்மா உனக்கு எடுத்து வெப்பாங்களே, ஒரு தூக்கு" என்றார். "அத நெனச்சாவது விரலு நின்னுருக்கலாம்." போதகர் கூப்பிட்டார், போய்விட்டார்.

பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். முதலாளியும் போட்டார். சிட்டிபாபு தூரத்தில் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றான். தனக்கு அந்த உரிமை இல்லை என்று நினைத்தான். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

தாவீது தலையைத் தூக்கி அவனைத் தேடினார். "இங்க வா" என்றார். கூட்டம் விலகி வழிவிட்டது. "நீ ஜூலைலயே போட்டுட்ட. யாருக்கும் தெரியாம, ஏசி ரூம்ல குந்திக்கினு போட்ட. இப்ப எல்லாரும் பாக்கப் போடு."

சிட்டிபாபு வந்தான். குனிந்து மண்ணை அள்ளினான். ராத்திரி பெய்த தூறலில் மண் ஈரமாக இருந்தது. கையை நீட்டி விரித்தான். மண் விழவில்லை, உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதறிப் பார்த்தான், பாதிதான் விழுந்தது. மிச்சத்தை மற்றக் கையால், விரல் விரலாக, வழித்துப் போட்டான்.